ஸ்னேப்பாக வரப்போகும் பாப்பா எஸ்ஸியேடு யார்?

ஹாரி பாட்டர் கதையை அமெரிக்க நிறுவனமான எச்பிஓ மறுபடியும், இந்த முறை தொலைக்காட்சித் தொடராக, எடுக்கிறது. அதில் மந்திரப் பள்ளி ஆசிரியர் ஸ்னேப் வேடத்துக்கு பாப்பா எஸ்ஸியேடு என்று யாரோ ஒரு கறுப்பின நடிகரைப் போட்டிருக்கிறார்கள். பழைய படங்களில் ஆலன் ரிக்மன் செய்ததை இவர் தாங்குவாரா? இதுதானே கேள்வி. இதில் அந்த "யாரோ"வை மட்டும் முதலில் எடுத்துவிடுகிறேன். லண்டனில் நாடகம் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இவர் 2016லிருந்தே தெரிந்த முகம். சினிமா, ஓடிடி வழியாக மட்டும் பார்ப்பவர்களுக்குத்தான் திடீரென முளைத்தவர் மாதிரி தெரிகிறார்.

பிறந்தது 1990இல், லண்டனில். பெற்றோர் கானா நாட்டவர். வளர்ந்தது கிழக்கு லண்டனின் வால்தம்ஸ்டோ பகுதியில், அம்மாவின் வளர்ப்பில். அம்மா தையல், ஆடை வடிவமைப்பு கற்றுக்கொடுத்தவர். அப்பா இவருடைய பதின்ம வயதிலேயே இறந்துவிட்டார். படிப்பில் கெட்டிக்காரர் என்பதால் அங்கேயே ஃபாரஸ்ட் ஸ்கூல் என்ற தனியார் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. பள்ளி முடிந்ததும் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் மருத்துவம் படிப்பதாகத்தான் ஏற்பாடு. அதை விட்டுவிட்டு கில்டுஹால் நாடகப் பள்ளிக்குப் போனார். கிடைத்த டாக்டர் சீட்டை விட்டுவிட்டு நாடகம் படிக்கப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கானா வீடும் அந்த விஷயத்தில் நம் வீடு மாதிரிதான்.

கில்டுஹாலில் படித்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவும் மார்பகப் புற்றுநோயில் போய்விட்டார். பிற்பாடு இவர் கொடுத்த பேட்டிகளில் அம்மாவைப் பற்றிப் பேசாத பேட்டி குறைவு.

அந்த வகுப்பில் இவரோடு படித்தவர் மிக்கேலா கோயல். அந்த ஆண்டு மாணவர்களில் கறுப்பினத்தவர் இவர்கள் இரண்டு பேர்தான். ஒரு பயிற்சியின்போது ஆசிரியர் ஒருவரே சிறைக் காவலர் வேடத்தில் புகுந்து இவர்களை இனவெறி வசைச்சொல்லால் கூப்பிட்டார் என்பதை எஸ்ஸியேடு பல வருடம் கழித்து வெளியே சொன்னார். 2023இல் அது செய்தியானபோது பள்ளி மன்னிப்புக் கேட்டது. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. இந்த இரண்டு பேரின் நட்பு பிறகு பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒரு பெரிய விஷயமாக ஆனது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

2012இல் படிப்பு முடிந்த கையோடு ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் சேர்ந்தார். அரசு நிதியும் பெறும் நாடக நிறுவனம் அது. ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரில் தலைமையகம். அங்கே புதிதாகச் சேர்கிறவருக்கு இரண்டு நிமிடம் வந்துபோகிற வேடங்கள்தான். கூடவே பெரிய நடிகர் யாருக்காவது அண்டர்ஸ்டடியாக இருக்க வேண்டும். அதாவது, அவர் பாத்திரத்தின் வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்து, எந்த இடத்தில் நிற்பது, எங்கே திரும்புவது, எந்த வாளை எந்தக் கையில் எடுப்பது என்பது வரை தெரிந்துவைத்துக்கொண்டு, கூப்பிட்டால் போய் நிற்கத் தயாராக இருப்பது. பெரும்பாலான அண்டர்ஸ்டடிகள் கடைசி வரை கூப்பிடப்படுவதே இல்லை.

எஸ்ஸியேடுவைக் கூப்பிட்டார்கள். 2014, லண்டன் நேஷனல் தியேட்டர். சாம் மெண்டிஸ் இயக்கிய ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்'. லியராக சைமன் ரஸ்ஸல் பீல். எஸ்ஸியேடுவின் சொந்த வேடம் பர்கண்டி பிரபு. நாடகம் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு சின்னது என்று தெரியும்: முதல் காட்சியில் வருவார், வரதட்சணை இல்லாத இளவரசி கார்டீலியா வேண்டாம் என்பார், போய்விடுவார். அதன்பின் நாடகம் முடியும்வரை ஆளே கிடையாது. கூடவே எட்மண்ட் பாத்திரத்துக்கு அண்டர்ஸ்டடி. எட்மண்டாக நடித்த சாம் ட்ரௌட்டனுக்கு ஆட்டத்தின் நடுவில் தொண்டை கட்டி, குரலே போய்விட்டது. மிச்ச நாடகத்துக்கு எஸ்ஸியேடு எட்மண்டாக மேடையேறினார். பார்வையாளர்கள் அதுவரை ஒரு முகத்தை எட்மண்டாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். பாதியில் வேறொரு முகம். அப்பனை ஏமாற்றி, அண்ணனைத் துரத்தி, இரண்டு இளவரசிகளை ஒரே நேரத்தில் வளைத்துப்போடுகிற வேடம் அது. தடுமாறினால் மொத்த நாடகமும் சாய்ந்துவிடும். இவர் தடுமாறவில்லை. நாடக வட்டாரத்தில் இவருடைய பெயர் முதலில் அடிபட்டது இந்தச் சம்பவத்தால்தான்.

இரண்டே வருடத்தில் அதே எட்மண்ட் வேடம் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் சொந்த வேடமாகவே கிடைத்தது, ஆண்டனி ஷேர் லியராக நடித்த தயாரிப்பில். ஆனால் அந்த 2016ஆம் ஆண்டில் அதைவிடப் பெரியது ஒன்று நடந்தது: ஷேக்ஸ்பியரின் டென்மார்க் இளவரசன் ஹேம்லெட். அந்த நிறுவனம் இன்றைய பெயரோடு தொடங்கியது 1961இல். 55 வருடத்தில் அங்கே ஹேம்லெட் ஆன முதல் கறுப்பின நடிகர் இவர். வயது 25. இங்கிலாந்தில் கறுப்பர் யாரும் அதற்கு முன் ஹேம்லெட் ஆனதில்லை என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. ஏட்ரியன் லெஸ்டர் பீட்டர் புரூக்கின் தயாரிப்பில் 2000-01இலேயே செய்துவிட்டார். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் முதல்வர் என்பதுதான் சரியான கணக்கு.

சைமன் காட்வின் இயக்கிய அந்த ஹேம்லெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டென்மார்க்கை அவர் மேற்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றின் சாயலில் அமைத்தார். நாடகம் கோட்டை மதிலில் பேய் நடமாட்டத்தோடு தொடங்கவில்லை. விட்டன்பர்க் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவோடு தொடங்கியது. ஹேம்லெட் அங்கியும் தொப்பியுமாகப் பட்டம் வாங்குகிறான், அடுத்த கணம் அப்பாவின் சாவு. வெளிநாட்டில் படித்துவிட்டு ஊருக்கு வரும் பையன், முரசு முழங்கும் அரண்மனை, மரபு உடையில் எழுந்துவரும் தகப்பனின் ஆவி. இந்த அமைப்பில் ஆவி வருவது மேடை வித்தையாக நின்றுவிடுவதில்லை. முன்னோர் பேசினால் பிள்ளை கேட்டாக வேண்டிய வீடு அது. படித்த புத்தி ஒரு பக்கம், அப்பாவின் கட்டளை ஒரு பக்கம் என்று அவன் மாட்டிக்கொள்வது தானாகவே புரிந்துவிடுகிறது. பைத்தியமாக நடிக்கும் பகுதியில் இவர் ஓவியனாக மாறினார். பெயிண்ட் சொட்டும் கோட்டு, சுவரெழுத்து மாதிரிக் கிறுக்கிய பெரிய துணிகள்.

நடிப்பு எப்படி? எனக்குப் பிடித்தது அதில் இருந்த குறும்பு. ஹேம்லெட் என்றாலே சோகமான மூஞ்சியோடு மெதுவாக நடந்து மெதுவாகப் பேசுவது என்று ஒரு வழக்கம் படிந்துவிட்டது. இவருடைய ஹேம்லெட் வேகமாக யோசிக்கிறவன், எதிராளி வாயைத் திறக்கும் முன்பே கிண்டல் தயாராக வைத்திருப்பவன். அரசவை ஆலோசகர் பொலோனியஸைச் சீண்டும் இடங்களில் சிரிப்பு தானாக வருகிறது. அப்படிச் சிரிக்கவைத்தவன் அம்மாவின் அறையில் உடையும்போது நமக்குச் சுருக்கென்கிறது. குறையும் உண்டு. அந்த வேகத்தில் சில நீண்ட தனிமொழிகள் கொஞ்சம் ஓடிப்போய்விடுகின்றன. கடைசிப் பகுதியில் சாவை ஏற்றுக்கொண்டவனின் நிதானம் இன்னும் கனிந்திருக்கலாம். 25 வயதில் அது வராதது குற்றமில்லை.

அதே வருடம் ஏப்ரல் 23, ஷேக்ஸ்பியரின் 400ஆவது நினைவு நாள். ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து பிபிசி நேரடியாக ஒரு கலைநிகழ்ச்சியை ஒளிபரப்பியது. எஸ்ஸியேடு மேடைக்கு வந்து ஹேம்லெட்டின் புகழ்பெற்ற தனிமொழியை 'டு பி ஆர் நாட் டு பி' என்று ஆரம்பிக்கிறார். உடனே ஒருவர் குறுக்கே வந்து, அழுத்தம் அந்தச் சொல்லில் வரக்கூடாது, இந்தச் சொல்லில் வரவேண்டும் என்று பாடம் எடுக்கிறார். அவரை மறுத்து இன்னொருவர். பெனடிக்ட் கம்பர்பேட்ச், டேவிட் டெனன்ட், ரோரி கின்னியர், ஹாரியட் வால்டர், இயன் மெக்கெல்லன், ஜூடி டெஞ்ச் என்று வரிசையாக வந்து ஆளுக்கொரு சொல்லில் அடிக்கிறார்கள். கடைசியில் அப்போது இளவரசராக இருந்த சார்ல்ஸே வந்து தன் பங்குக்குக் கடைசிச் சொல்லை அழுத்திவிட்டுப் போகிறார். இத்தனை ஜாம்பவான்கள் நடுவில் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்கும் பையனாக எஸ்ஸியேடு செய்திருப்பது சின்ன வேலைதான், ஆனால் சிரிப்பு முழுக்க அவர் முகத்தில்தான் நிற்கிறது. யூடியூபில் தேடினால் கிடைக்கும், பாருங்கள்.

ஹேம்லெட், எட்மண்ட் இரண்டுக்குமாகச் சேர்த்து இயன் சார்ல்ஸன் விருது வந்தது. முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் செவ்வியல் நாடகங்களில் செய்யும் நடிப்புக்கான பரிசு இது. இயன் சார்ல்ஸன் யார் என்று யோசிக்கிறீர்களா? அட்டன்பரோவின் 'காந்தி' படத்தில் சார்லி ஆண்ட்ரூஸ் பாதிரியாராக வருவாரே, அவர்தான். எய்ட்ஸ் முற்றிய நிலையில் 1989இல் நேஷனல் தியேட்டரில் ஹேம்லெட் ஆடிவிட்டு, சில வாரங்களில் இறந்துபோனவர். டாம் ஹாலண்டர், 'மங்கள் பாண்டே'யில் ஆமிர் கானோடு நடித்த டோபி ஸ்டீஃபன்ஸ், டேவிட் ஒயெலோவோ எல்லாரும் இளமையில் இந்த விருதை வாங்கியவர்கள்.

இங்கே பலர் சினிமாவுக்குத் தாவிவிடுவார்கள். இவர் 2018இல் அதே ஹேம்லெட்டோடு ஊர் ஊராகச் சுற்றினார். லண்டனில் ஹாக்னி எம்பயர், அமெரிக்காவில் வாஷிங்டன் கென்னடி சென்டர் வரை போனார். இடையிடையே தொலைக்காட்சியில் 'தி மினியேச்சரிஸ்ட்', 'கிரி', 'பிரஸ்' என்று வேடங்கள்; பிறகு 'கேங்ஸ் ஆஃப் லண்டன்'. இவற்றில் எதையும் தேடிப்பிடித்துப் பார்க்கச் சொல்ல மாட்டேன்.

2020 வேறு கதை. ஊரடங்கில் நாடக அரங்குகள் மூடிக்கிடக்க, பதிவு செய்து வைத்திருந்த அந்த ஹேம்லெட்டை பிபிசி வெளியிட்டது. கொஞ்ச நாளில், ஜூன் மாதம், 'ஐ மே டெஸ்ட்ராய் யூ' வந்தது. எழுதி, நடித்து, இயக்கத்திலும் பங்கெடுத்தவர் அதே வகுப்புத் தோழி மிக்கேலா கோயல். தன் பானத்தில் யாரோ மருந்து கலந்து தன்னைப் பலாத்காரம் செய்துவிட்டார்கள் என்பதைத் துண்டு துண்டாக நினைவுகூரும் ஓர் எழுத்தாளரின் கதை. அவளுடைய நண்பன் குவாமே, தன்பாலீர்ப்பாளன், அது எஸ்ஸியேடு. குவாமேயும் ஒருவனிடம் வன்முறைக்கு ஆளாகிறான். புகார் கொடுக்கக் காவல் நிலையம் போகிறான். அந்த ஒரு காட்சிக்காகவே இந்த நடிகரைக் கொண்டாடலாம். நாயகி புகார் கொடுத்தபோது பரிவோடு கேட்ட அதே அமைப்பு, ஓர் ஆண் வந்து சொன்னதும் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் நெளிகிறது. கேட்கிற அதிகாரிக்கே கூச்சம். குவாமே ஆரம்பத்தில் ஒத்துழைக்கிறான், அப்புறம் பதில்கள் சின்னதாகிக்கொண்டே போகின்றன, கடைசியில் சொல்லவந்ததை விழுங்கிவிட்டு எழுந்துவிடுகிறான். எஸ்ஸியேடு அதில் ஒரு இடத்திலும் குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. ஆயிரம் பேர் உட்காரும் அரங்கில் கடைசி வரிசை வரை கேட்கும்படி பேசிப் பழகியவர் கேமரா முன் இவ்வளவு குறைத்துக்கொண்டதுதான் எனக்கு ஆச்சரியம்.

அந்த வேடத்துக்கு 2021இல் அமெரிக்காவின் எம்மி, பிரிட்டனின் பாஃப்டா என்ற இரண்டு விருதுகளிலும் பெயர் பரிந்துரையானது. இரண்டும் கைக்கு வரவில்லை; பாஃப்டாவை பால் மெஸ்கல் கொண்டுபோனார். பிறகு வாய்ப்புகள் குவிந்தன: 'ஆன் போலின்', 'தி கேப்சர்' இரண்டாம் பருவம், அலெக்ஸ் கார்லண்டின் 'மென்', சர்ஷா ரோனனோடு 'தி அவுட்ரன்'. பிரிட்டனின் ஸ்கை தொலைக்காட்சியில் வந்த 'தி லாசரஸ் ப்ராஜெக்ட்'டில் இவர்தான் நாயகன். உலகம் அழியும்போதெல்லாம் ஒரு ரகசிய அமைப்பு காலத்தை ஜூலை 1ஆம் தேதிக்குத் திருப்பிவிடும். அது நடப்பதை உணரக்கூடிய சிலரில் இவரும் ஒருவர். கதை விறுவிறுப்பானது. காதலிக்காக நல்லவன் எவ்வளவு தூரம் கெட்டுப்போவான் என்பதை இவர் படிப்படியாகக் காட்டுவார். இரண்டு பருவத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

நம் வாசகர்களுக்கு இன்னும் கிட்டத்தில் இருப்பது நெட்ஃபிளிக்ஸின் 'பிளாக் மிரர்' தொடர், ஆறாம் பருவத்தின் 'டீமன் 79'. 1979, வட இங்கிலாந்து. செருப்புக் கடையில் வேலை பார்க்கும் நிடா என்ற இந்திய வம்சாவளிப் பெண் தெரியாமல் ஒரு பேயை எழுப்பிவிடுகிறாள். அவள் பயப்படக்கூடாதே என்று அது போனி எம் என்ற டிஸ்கோ இசைக் குழுவின் பாபி ஃபாரல் உருவத்தில் வந்து நிற்கிறது, மினுமினுக்கும் உடையும் உயரக் காலணியுமாக. மூன்று நாளில் மூன்று பேரை அவள் கொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உலகம் அழியும். அந்தப் பேய் எஸ்ஸியேடு. நிடா, சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்த அஞ்சனா வாசன். அவரும் லண்டன் மேடை தந்த நடிகைதான். 2023இல் சிறந்த துணை நடிகைக்கான ஒலிவியே விருது (லண்டன் நாடகத்தின் பெரிய விருது) வாங்கியவர். அதனால் இரண்டு பேரும் அந்தக் கோமாளித்தனத்தை நாடகம் போலவே ஆடுகிறார்கள். கொலை பற்றிய கதையில் கடைசியில் நமக்கு இந்தப் பேயின் மேல் பாசம் வந்துவிடுகிறது.

திரையில் இவ்வளவு நடக்கும்போதும் இவர் மேடையை விடவில்லை. 2022இல் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் கேரில் சர்ச்சிலின் 'எ நம்பர்'. ஒரே மரபணுவிலிருந்து உருவாக்கப்பட்ட மகன்கள் மூன்று பேராக ஒரே நடிகர் வர வேண்டிய நாடகம். 2002இல் முதன்முதலாக அதைச் செய்தவர் டேனியல் கிரெய்க். எஸ்ஸியேடுவுக்கு அப்பாவாக லெனி ஜேம்ஸ். 2023இல் நேஷனல் தியேட்டரில் ஜேமி லாய்ட் இயக்கத்தில் 'தி எஃபெக்ட்': மனச்சோர்வு மருந்துச் சோதனைக்கு வந்த இருவர் காதலிக்கிறார்கள், அது காதலா மருந்தின் வேலையா என்று யாருக்கும் தெரியாது. டெய்லர் ரஸ்ஸலோடு அதைச் செய்தார்; அடுத்த ஆண்டு நியூயார்க்குக்கும் போனது. 2024இல் 'டெத் ஆஃப் இங்லண்ட்: டெல்ராய்', ஒரே ஆள் மேடையைத் தாங்கும் நாடகம். அதற்கு 2025 ஒலிவியே விருதில் சிறந்த நடிகர் பட்டியலில் இடம் கிடைத்தது. வாங்கியவர் ஜான் லித்கோ. அவர்தான் இப்போது அதே ஹாரி பாட்டர் தொடரில் பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோர்! 2025 இறுதியில் ஆர்தர் மில்லரின் 'ஆல் மை சன்ஸ்', பிரயன் கிரான்ஸ்டனின் மகனாக.

இனி ஸ்னேப். 2025 ஏப்ரலில் எச்பிஓ அறிவித்ததும் இணையத்தில் கிளம்பிய கூச்சலில் ஒரு பகுதி வெறும் நிறவெறி, அதைப் பேச ஒன்றுமில்லை. நியாயமாகக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்: புத்தகத்தில் வெளுத்த தோல் என்று எழுதியிருக்கிறதே, ஹாரியின் அப்பா ஜேம்ஸ் பாட்டரும் கூட்டாளிகளும் ஸ்னேப்பைப் பள்ளியில் துன்புறுத்தும் காட்சிகள் வேறு அர்த்தம் கொள்ளாதா? கேட்க வேண்டிய கேள்விதான். எழுதுகிறவர்கள் அதைத் தெரியாத மாதிரிக் கடந்துபோனால் காட்சி கெடும், கணக்கில் எடுத்து எழுதினால் ஆழம் கூடும். திருநர் விஷயத்தில் மாற்றுக் கருத்துள்ள கதாசிரியர் ரவுலிங்கைப் பொறுத்தவரை, திருநர் உரிமைகளை ஆதரித்து வந்த திறந்த மடலில் இவர் கையெழுத்திட்டபோது, கருத்து வேறுபாட்டுக்காக ஒரு நடிகரை வேலையிலிருந்து எடுக்கும் ஆள் தான் இல்லை என்ற பொருளில் அவர் சொல்லிவிட்டார்.

வயதில் இவர் ரிக்மனைவிடப் புத்தகத்துக்கு நெருக்கம். முதல் கதையில் ஸ்னேப்புக்கு முப்பத்தொன்று, முப்பத்திரண்டு வயதுதான். படம் வந்தபோது ரிக்மனுக்கு 55. படம் பார்த்துப் பழகிய நமக்கு ஸ்னேப் ஒரு நடுத்தர வயதுக்காரர். ரவுலிங் எழுதியதோ பள்ளிக்காலத்துக் காயம் ஆறாத இளைஞனை. படப்பிடிப்பு தொடங்கியபோது எஸ்ஸியேடுவுக்கு 35.

ரிக்மன் வந்த வழியும் இதேதான். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் பல வருடம் உழைத்து, அங்கே 1985இல் 'லே லியேசான் டாஞ்செரஸ்' நாடகத்தில் செய்த வால்மான்ட் வேடம் அவரை நியூயார்க்கின் பிராட்வே வரை கொண்டுபோக, அதைப் பார்த்துத்தான் 'டை ஹார்ட்' படத்துக்குக் கூப்பிட்டார்கள். அதுதான் அவருடைய முதல் சினிமா, நாற்பதைத் தாண்டிய வயதில். புதிய தொடரில் இன்னொரு ஆசிரியரான குவிரல் வேடத்துக்கு வந்திருக்கும் லூக் தாலன் 2025இல் அதே ஸ்ட்ராட்ஃபோர்டில் ஹேம்லெட் ஆடியவர். ஆக முதல் வருடக் கதையில் ஸ்னேப்பும் குவிரலும் மோதும் இடங்களில் இரண்டு ஸ்ட்ராட்ஃபோர்டு ஹேம்லெட்கள் எதிரெதிரே நிற்கப் போகிறார்கள். எனக்கு அதுதான் ஆவல்.

தாங்குவாரா என்றால், தாங்குவார் என்றே நினைக்கிறேன், ஒரு சந்தேகத்தோடு. ரிக்மனின் ஸ்னேப் பாதி அந்தக் குரல்தான். சொற்களை இழுத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி விட்டுப் பேசுவது. எஸ்ஸியேடுவின் பலம் அதற்கு நேரெதிர்: வேகம், கிண்டல், சட்டென்று மாறும் முகம். ரிக்மனைப் போல இழுத்துப் பேச முயன்றால் தோற்பார். எட்மண்டை எடுத்துக்கொண்டால் ஜெயிப்பார். தன்னை ஒதுக்கிய குடும்பத்தின் மேல் வன்மம் வளர்க்கிற, ஆனால் பார்ப்பவரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிற ஆள் அவன். ஸ்னேப்புக்கு அதைவிடப் பொருத்தமான பயிற்சி என்னவிருக்கிறது?

அதுவரை பார்க்க வேண்டுமென்றால், நெட்ஃபிளிக்ஸில் 'டீமன் 79'இல் தொடங்குங்கள். பிறகு 'ஐ மே டெஸ்ட்ராய் யூ', ஆனால் குழந்தைகள் இல்லாத நேரத்தில். ஹேம்லெட்டின் மேடைப் பதிவு டிவிடியாகவும் வந்திருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ஆங்கிலம் மிரட்டினால் சப்டைட்டிலோடு பாருங்கள், முதல் இருபது நிமிடத்தில் காது பழகிவிடும்.